பச்சை டேக் கட்டிய பால் பம்ப்

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்குப் பிடித்த சாப்பாடு ஒன்றே ஒன்றுதான். நான். மற்ற எதையும் அவன் சாப்பிடும் பொருளாகவே மதிக்கவில்லை. டப்பா மாவைக் கரைத்துக் கொடுத்தால் நாக்காலேயே வெளியே தள்ளினான். பசும்பாலில் தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கொடுத்தால் அதை வாயில் அடக்கிக்கொண்டு எங்கள் எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பான். பிறகு அன்றைக்கு யார் துவைத்த புடவை கட்டியிருக்கிறார்களோ அவர்கள் மேல் துப்புவான். ரப்பர் நிப்பிளைக் கண்ணில் காட்டினாலே போதும், பக்கத்து பிளாக்கிலிருந்து ஆள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்துவான்.

எனக்கோ லீவு முடியப் போகிறது. வருகிற திங்கட்கிழமை அம்பத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போய் நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். நான் அங்கே டிரங்க் கால் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் புக் பண்ணிவிட்டு ஜனங்கள் காத்துக் கிடந்த காலம் அது. பிரசவ லீவு தீர்ந்து, அதன் வாலில் ஒட்டியிருந்த லீவையெல்லாம் சேர்த்துக் கட்டி, மெடிக்கல் லீவையும் கரைத்தாயிற்று. "இனிமே ஒரு நாள்கூட முடியாதும்மா. வந்து ஜாயின் பண்ணு, இல்லேன்னா எழுதிக் குடுத்துட்டு வீட்டோட இரு" என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பிவிட்டார். எழுதிக் கொடுப்பதாவது! நானே படித்து, நானே பரீட்சை எழுதி வாங்கிய வேலை அது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் திருச்சியும் சேலமும் நான் சொன்னபடி கேட்கும். வீட்டில் ஒரு டம்ளர்கூட நான் சொன்ன இடத்தில் இருக்காது. அந்த வேலையை நான் விட மாட்டேன். பிள்ளையையும் பட்டினி போட மாட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த வாரம் பூராவும் கிடந்து அல்லாடினேன்.

நாங்கள் இருந்தது ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸில். என் கணவர் அந்த ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. மற்றவர்கள் செய்த சாமானை எடுத்துப் பார்த்துக் குறை சொல்வது அவர் வேலை. அதற்குச் சம்பளம் வேறு. சாமான் சரியாக இருந்தால் பச்சை டேக் கட்டிக் கையெழுத்துப் போடுவார், ஆகாததற்குச் சிவப்பு டேக். அந்தப் புத்தியை ஃபேக்டரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரும் வழக்கம் அவருக்கு இல்லை. கத்தரிக்காயை பாஸ், ரிஜெக்ட் என்று இரண்டு குவியலாகப் பிரிப்பார். ஒருமுறை என் சாம்பாரை 'ரீவொர்க்' என்று சொன்னார். அன்றைக்கு ராத்திரி வரை மோர்சாதம்தான் போட்டேன்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்திருந்தார். எங்கள் பூந்தமல்லிப் பக்கம் நாத்தனார் என்போம். அவர்கள் ஊர் வழக்கப்படி எனக்கு அவர் மதினி. தங்கமான மனுஷி. பிள்ளை மேல் உயிர். ஆனால் எச்சில் விஷயத்தில் மட்டும் அவரிடம் வாய் கொடுக்க முடியாது. அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்பார், காப்பியையும் அண்ணாந்துதான். சூடான காப்பியைச் சொட்டுச் சிந்தாமல் ஓரடி உயரத்திலிருந்து தொண்டைக்குள் இறக்குகிற வித்தையை நான் அவரிடம்தான் பார்த்தேன். நான் டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த டம்ளரைத் தனியாக எடுத்துக் கவிழ்த்து வைப்பார், அவ்வளவுதான்.

கையால் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பார்த்தோம். பாலாடையில் ஊற்றிப் புகட்டியதும் பையன் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு இன்னும் எங்கே என்பதுபோலப் பார்த்தான். ஆக, என் பால் என்றால் எதில் கொடுத்தாலும் குடிப்பான். அதுவரைக்கும் நல்ல செய்திதான். ஆனால் அந்த ஒரு பாலாடை நிறைவதற்குள் என் மணிக்கட்டு வீங்கி, மாரெல்லாம் ரணமாகி, நான் அழுது, நான் அழுவதைப் பார்த்து மதினி அழுது, வீடே அமர்க்களப்பட்டது. காலையில் ரயிலுக்கு ஓடுகிறவள் இப்படி ஒரு பகலுக்கு வேண்டிய பாலை எப்படி எடுத்து வைப்பது?

எங்கள் அழுகை எதிர் வீட்டு அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. அவர் நெமிலிச்சேரியில் பிறந்து வளர்ந்தவர், நிலம் நீச்சு உள்ள குடும்பம். வாசலில் நின்று கூப்பிடுவதெல்லாம் அவரிடம் கிடையாது, நேராக அடுப்படிக்கே வந்துவிடுவார். மறுநாள் காலையில் ஒரு பழைய குழந்தைத் துணியில் எதையோ சுருட்டிக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"இத்த வச்சிக்கோ. எங்க அண்ணன் பொண்டாட்டிது. சிங்கப்பூர்லேர்ந்து யாரோ கொண்டாந்து குட்த்தது. பொறந்த ஊட்ல பரண் மேல சொம்மா குந்திகினு கீது. இன்னாத்துக்கு நீ கெடந்து அழுதுகினு கீற?"

பிரித்தேன். கண்ணாடியில் ஒரு புனல், அதன் அடியில் பால் தேங்க ஒரு குமிழ், பின்னால் சிவப்பு ரப்பர் பந்து. அப்படியே ஆட்டோ ஹாரன். மதினி அதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"இது என்னத்துக்கு?"

"பாலு எடுக்கறதுக்குதான்."

"இதுல எவளோ ஒருத்தி பாலு எடுத்திருக்காளா?"

"எவளோ இல்லம்மா, எங்க அண்ணிதான். நல்லா கழுவிதான் வச்சிருக்குது."

"கழுவினா? எச்சி எச்சிதான தாயி" என்றார் மதினி.

அதிலிருந்து எங்கள் அடுப்படியில் ஒரு பெரிய வழக்கு ஆரம்பித்தது. தாய்ப்பால் எச்சிலா இல்லையா? எதிர் வீட்டு அக்கா இல்லை என்றார். வாய் பட்டால்தானே எச்சில், இதில் வாய் எங்கே பட்டது? மதினி யோசித்துவிட்டு, பிள்ளை வாய் வைத்த இடத்தில்தானே இதை வைப்பார்கள், அப்போது அந்தப் பிள்ளையின் எச்சில் இதில் பட்டிருக்குமே என்றார். சின்னப் பிள்ளைக்கு ஏது எச்சில் என்றார் அக்கா. அப்படியானால் உன் பேரப்பிள்ளை கடித்த முறுக்கை நீ சாப்பிடுவியா என்று மதினி கேட்டார். "ஆ, சாப்புடுவேன், அதுக்கு இன்னா இப்போ?" என்றார் அக்கா. அக்காவுக்கு அப்போது பேரனும் கிடையாது பேத்தியும் கிடையாது. இரண்டு பேரும் இல்லாத பேரப்பிள்ளையின் முறுக்குக்காக அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். என் அடுப்பில் வெந்துகொண்டிருந்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

எனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. அந்த ரப்பர் பந்தின் கழுத்துக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. முகம் தெரியாத ஒருத்தியின் பால். அவளும் என்னைப் போல ஒரு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு இதை அமுக்கியிருப்பாள். அவள் மேல் பாவமாகவும் இருந்தது, அவள் தொட்டதைத் தொடக் கூச்சமாகவும் இருந்தது. என் பிள்ளைக்கான பால் ஒரு ஹாரன் வழியாகத்தான் வர வேண்டுமா என்று கோபமாகவும் இருந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் பருப்புச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா அத்தோடு விடவில்லை. சாயங்காலம் ஒரு சாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் அண்ணன் மகள், கொழுகொழுவென்று இரண்டு கன்னமும் தொங்க, கையில் பன்னோடு நின்றது.

"பாத்துக்கோ. இந்தப் பம்புல வளந்ததுதான் இது. கண்ணு, கையக் காட்டுடி."

குழந்தை பன்னைப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஒரு கையை மட்டும் காட்டியது. அந்த நேரம் பார்த்து என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் குழந்தையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"நல்ல பீஸ்தான். ஆனா ஒரு பீஸை வச்சு முழு லாட்டையும் பாஸ் பண்ண முடியாதே" என்றார்.

"இன்னாது?" என்றார் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா, அவர் அப்படித்தான்" என்று நான் குழந்தைக்கு இன்னொரு பன் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

பிறகு என் கணவர் அந்தப் பம்பை மேசை விளக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் சுண்டி ஓசை கேட்டார். ரப்பரை இழுத்தார், முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார். மதினி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தீர்ப்புக்காகக் காத்திருந்தார். நான் திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணாடி பாஸ். கொதிக்க வச்சா ஒரு தூசு நிக்காது. ரப்பர் ரிஜெக்ட். உள்ள கழுவவும் முடியாது, காயவும் காயாது. வேற ரப்பர் போட்டாத்தான் பிள்ளைக்கு ஆகும்."

பொய் சொல்லக் கூடாது, அந்த மனுஷன் அன்றைக்கு உருப்படியாகத்தான் பேசினார். மறுநாளே மார்க்கெட்டில் மருந்துக் கடையில் காது கழுவுகிற புது ரப்பர் பந்து ஒன்றை வாங்கிவந்து கண்ணாடியில் மாட்டினார். சரியாகப் பொருந்தியது. நான் அமுக்கிப் பார்த்தேன், இழுத்தது. "சரி, விடுங்க, கொதிக்க வைக்கிறேன்" என்றேன். அங்கேதான் அவருக்குச் சனி பிடித்தது.

"இரு. காத்து லீக் இருக்கான்னு பாக்கணும். இங்க காத்து அளக்கற கேஜ் இல்ல. நாளைக்கு ஃபேக்டரியில மாட்டிப் பாத்துட்டு கொண்டாறேன்."

"ஏங்க, அதான் இழுக்குதுல்ல?"

"இழுக்குதுன்னு சொல்றது ஒரு அளவா? எவ்வளவு இழுக்குது? எவ்வளவு நேரம் பிடிச்சு நிக்குது? உனக்கு வலிச்சா யார் பதில் சொல்றது?"

எனக்கு வலிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் காலையில் தன் சாப்பாட்டுப் பையில் தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் பம்பை வைத்து எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் ஃபேக்டரிச் சங்கு ஊதி, தெரு முழுக்க சைக்கிள்கள் வந்து தீர்ந்து, எதிர் வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வாசலில் வந்து நின்ற பிறகும் இவரைக் காணோம். இருட்டுகிற நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் செத்திருந்தது. பையில் டப்பா மட்டும் இருந்தது.

"பம்ப் எங்கங்க?"

"டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சு" என்றார்.

"அது எங்க?"

"கேட்ல."

மெதுமெதுவாகத்தான் விஷயம் வெளியே வந்தது. பம்பைக் கேஜில் மாட்டிப் பார்த்திருக்கிறார். முள் ஏறி நின்ற இடத்தில் அசையாமல் நின்றதாம். அந்தச் சந்தோஷத்தில், கைப்பழக்கத்தில், பச்சை டேக் ஒன்றை எடுத்து அதன் கழுத்தில் கட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பிறகு பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே போகும்போது ஒருவரும் எதையும் பார்ப்பதில்லை. வெளியே வரும்போது அந்த கேட்டில் குண்டூசியைக்கூட விட மாட்டார்கள். பையைத் திறந்த செக்யூரிட்டி அதிகாரி முதலில் பார்த்தது பச்சை டேக்கை. டேக் கட்டியிருந்தால் அது ஃபேக்டரி சரக்கு. வேறு பேச்சே கிடையாது. கையெழுத்து யாருடையது? இவருடையதேதான்.

"வீட்டு சாமான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். என்ன சாமான்னு கேட்டான்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"பின்னால அத்தனை பேர் க்யூல நிக்கறாங்க. என் செக்ஷன் ஆளுங்க வேற. எப்படிச் சொல்றது?"

"அப்போ என்னதான் சொன்னீங்க?"

தலையைக் குனிந்துகொண்டு, "ஹாரன்னு சொன்னேன்" என்றார்.

அந்த அதிகாரி ரப்பரை அமுக்கிப் பார்த்திருக்கிறார். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை அமுக்கியிருக்கிறார். "என்னய்யா, ஊதவே மாட்டேங்குது, இதையா பாஸ் பண்ணே?" என்று கேட்டிருக்கிறார். க்யூவில் நின்றவர்கள் சிரித்தார்களாம். பம்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டு இவரைக் காக்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கை பரபரக்கிறது. "பெத்தது நான். ரணமாயி உட்கார்ந்திருக்கறது நான். உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு இந்த வெட்கம்? ஊர் உலகத்துல பிள்ளைங்க என்ன, காத்தைக் குடிச்சா வளருது?" என்று பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை மதினியும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். "ஏலே, நீ குடிச்ச பாலையும் ஹாரன்னுதான் சொல்லுவியோ?" என்றார். அந்த மனுஷன் அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, ஃபேக்டரி அரை நாள்தான். திங்கட்கிழமைக்கு முன்னால் அந்த கேட் திறந்திருக்கிற கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பேச ஆள் கிடைக்காது. இது போனால் என் வேலை போச்சு. நான் யாரையும் கேட்கவில்லை. மதியச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "வெயிலு, நில்லு பிள்ள" என்று மதினி குடையோடு பின்னால் ஓடி வந்தார். எதிர் வீட்டு அக்கா என்ன ஏது என்றுகூடக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "நட, இன்னாதான் சொல்றான்னு பாத்துடுவோம்" என்றார்.

கேட்டை ஒட்டிச் செக்யூரிட்டி அறை. ஜன்னல் ஓரத்து மேசையில், டீ டம்ளர்களுக்கு நடுவில் எங்கள் பம்ப் உட்கார்ந்திருந்தது. கழுத்தில் பச்சை டேக். சிப்பாய் மாதிரி இருந்த ஓர் இளவட்டக் காவலர் அதை எடுத்து ஈ விரட்டிக்கொண்டிருந்தார். அமுக்கினால் காற்று வருகிறதாம், ஈ பறக்கிறதாம். அதிகாரி ராணுவத்திலிருந்து வந்தவர். மீசையின் இரண்டு நுனியும் காது வரை போக ஆசைப்பட்டுப் பாதி வழியில் நின்றிருந்தன.

"சொல்லுங்கம்மா."

"அந்தச் சாமான் எங்களுது. குடுங்க."

"எது? இந்த ஹாரனா?"

"அது ஹாரன் இல்ல."

"உங்க வீட்டுக்காரர் ஹாரன்னாரே. நீங்க இல்லேங்கறீங்க. டேக் பாத்தா ஃபேக்டரி சரக்குங்குது. நான் யாரை நம்பறது? முதல்ல இது என்ன சாமான், சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. கேட் திறந்தது. உள்ளேயிருந்து சைக்கிள்கள், சைக்கிள்கள், அவ்வளவு சைக்கிள்கள். மணியடித்துக்கொண்டு வந்தவர்களெல்லாம் எங்களைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றார்கள். கூட்டத்தில் என் கணவரும் இருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு வந்த வழியே திரும்பி உள்ளே போய்விடத் தோன்றியிருக்கும். பின்னால் வந்த சைக்கிள்கள் விடவில்லை.

சங்குச் சத்தத்தில் பையன் விழித்துக்கொண்டான். பசி நேரம் வேறு. சங்குக்கும் தனக்கும் போட்டி என்பதுபோல வீறிட்டான் பாருங்கள், அப்படி ஒரு கத்தல். என் உடம்பு எந்த அதிகாரிக்கும் கட்டுப்படாது, அவன் குரலுக்குக் கட்டுப்படும். பால் சுரந்து இறங்கி, ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, புடவை நனைந்து, சொட்டவே ஆரம்பித்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஓடியிருப்பேன். அன்றைக்கு நான் மூடவில்லை. நிமிர்ந்து நின்றேன்.

"இதுக்குத்தான் சார் அந்த ஹாரன்" என்றேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். பம்பைப் பார்த்தார். புரிந்ததும் மீசையெல்லாம் சிவந்து, மேலே கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஈ விரட்டிய காவலர் பம்ப் சுட்டதுபோல அதை மேசையில் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் சரிம்மா" என்றார் அதிகாரி, கூரையைப் பார்த்தபடியே. "யாரோடதுன்னு ஒருத்தர் பொறுப்பா சொல்லணும் இல்லையா? இது புதுசாவும் இல்ல. யாரோடது?"

நான் எதிர் வீட்டு அக்காவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் மதினி குடையை மடக்கி முன்னால் வந்தார்.

"எங்களது" என்றார். "எங்க வீட்டுச் சாமான். எங்க பிள்ளைக்குப் பாலு எடுக்குறது. பிள்ள பசியில கத்துதான், உமக்குக் காது கேக்கலையா? குடும் இங்க!"

அதிகாரி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பிளேடை எடுத்து டேக்கின் கயிற்றை அறுத்தார். "டேக் ஃபேக்டரியோடது, அது இங்கயே இருக்கட்டும். மத்தது உங்களுது" என்று இரண்டு கையாலும் பம்பை நீட்டினார். மதினி அதைத் தன் முந்தானையில் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் முன்பு வரை அதை ஓர் அடி தள்ளி நின்று கால் விரலால் நகர்த்தியவர் அவர்.

கூட்டத்திலிருந்து என் கணவரின் செக்ஷன் ஆள் ஒருவர் மெதுவாக, "பாஸ் ஆயிடுச்சா அண்ணாத்தே?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து பிள்ளையை என்னிடமிருந்து வாங்காமல், குடையை வாங்கி எனக்குப் பிடித்தார். அத்தனை பேருக்கு நடுவில் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கு அந்த மனுஷனை நான் மன்னித்துவிட்டேன். முழுதாக இல்லை.

வீட்டுக்கு வந்து பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் சத்தம் கேட்டது. மதினி இட்லிப் பானையை ஏற்றி, அடியில் துணி போட்டு, கண்ணாடியை உள்ளே வைத்துக் கொதிக்க விட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் பந்தைத் தனியாக வெந்நீரில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு அக்கா நிலைப்படியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னாம்மா, எச்சிலுன்ன?"

மதினி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "அம்புட்டு ஆம்பளைய முன்னால எங்களதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இனிமே அது எவளதுன்னு நான் என்னத்தக் கேக்க?" என்றார். பிறகு, "உன் அண்ணிக்கு எத்தன நாளு பாலு வந்துச்சு?" என்று கேட்டார். அக்கா உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தார். முகம் தெரியாத அந்தப் பெண்ணும் முதல் வாரத்தில் வலி தாங்காமல் அழுதாளாம். அவளுக்கும் அவள் வீட்டு மதினி ஒருத்தி வெந்நீர் ஒற்றடம் கொடுத்தாளாம். கேட்கக் கேட்க எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை, போய்விட்டது.

அன்றைக்கே பம்பை வைத்துப் பார்த்தேன். கீச் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, அந்த அதிகாரி எதிர்பார்த்த சத்தம்கூட இதுதானோ என்னவோ. வலித்தது, ஆனால் தாங்கிக்கொள்கிற வலி. குமிழில் பால் ஏற ஏற மதினியும் அக்காவும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறவர்கள் மாதிரி எட்டிப் பார்த்தார்கள். பையன் கட்டிலில் கிடந்து, தனக்கு உரியதை யாரோ களவாடுவதுபோல எங்கள் மூன்று பேரையும் முறைத்தான்.

திங்கட்கிழமை விடிவதற்குள் எழுந்து எடுத்து வைத்தேன். மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, பானைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்தேன். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே நின்றால் ரயில் போய்விடும் என்பதால் பார்க்காமல் ஓடினேன். ரயிலில் அம்பத்தூர் வரும்வரை ஒன்றே ஒன்றுதான் மனசில். பம்பில் எடுத்ததை, நான் பக்கத்தில் இல்லாத வீட்டில், குடிப்பானா, துப்புவானா? துப்பினால் நாளைக்கு நான் வர மாட்டேன். எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதற்குள் மனசை ஒரு மாதிரி தயார்ப்படுத்திக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

போர்டில் விளக்குகள் மாறி மாறி எரிந்தன. பழைய கை, பழைய வாய், எல்லாம் தானாக வந்தது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் கோயம்புத்தூருக்கு அவசரமாக வேண்டும் என்று லைனில் நின்றார். லைன் கிடைக்கவில்லை, அவர் கத்திக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்து சீட்டுப் பெண் தன் ஹெட்போனில் யாரிடமோ, "எந்த ஊருக்கும்மா? ஊர் பேர் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊருக்கு இல்லையாம். உங்களுக்குங்கறாங்க. மதினியாம்."

குவார்ட்டர்ஸ் முனைக் கடையில் ஒரு போன் உண்டு. டிரங்க் கால் புக் பண்ணும் நம்பரை அங்கே எழுதி ஒட்டியிருப்பார்கள். மதினி அதைத்தான் போடச் சொல்லியிருக்கிறார். அவள் ஹெட்போனை வாங்கி ஒரு காதில் வைத்துக்கொண்டேன். இன்னொரு காதில் கோயம்புத்தூர்க்காரர்.

"மதினி?"

"குடிச்சிட்டான் பிள்ள." மதினி மூச்சு வாங்கினார், ஓடி வந்திருக்க வேண்டும். "பூரா குடிச்சிட்டான். ஒரு சொட்டு துப்பல. இந்தா, இங்கதான் தோள்ல கெடக்கான்." கடைக்காரர் ஏதோ சொன்னது கேட்டது. பிறகு ரிசீவரில் உரசுகிற சத்தம். மதினி அதைப் பையன் வாயருகில் வைத்திருக்கிறார். அந்தப் பயல் என்னிடம் ஓர் ஏப்பம் விட்டான்.

எத்தனையோ பேர் அந்த போர்டில் அழுது கேட்டிருக்கிறேன். சாவுச் செய்தி, கல்யாணச் செய்தி, எல்லாவற்றுக்கும் நான் கல் மாதிரி உட்கார்ந்து மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது என்று சொல்கிறவள். அன்றைக்கு நானே தேம்பித் தேம்பி அழுதேன்.

"ஹலோ! ஹலோ! என்னம்மா, கோயம்புத்தூர் என்னாச்சு? அங்க யாரு அழறது?" என்றார் இந்தக் காதில் நின்றவர்.

"ஒண்ணும் இல்ல சார். எம் பையன் பால் குடிச்சிட்டான்."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார் அந்த மனுஷன். "கண்ணத் தொடச்சுக்கோ. கோயம்புத்தூர் மெதுவாவே வரட்டும்."